நீல ட்யூப்

ஐப்பசி பிறந்த அன்று செவ்வந்தியின் இடது புருவத்தில் வெள்ளை முடி ஒன்பது இருந்தது. மூன்றாவது வாரம் பதினான்கு.

எண்ணுவது அவளுக்குப் பழக்கம். வலங்கைமான் பக்கம் உதவி வேளாண்மை அலுவலர். காலையில் வயலுக்குப் போய் விளக்குப்பொறியின் தட்டில் முந்தின இரவு விழுந்து செத்த பூச்சிகளை எண்ணி எழுதுவது வேலையில் ஒரு பாதி. குருத்துப்பூச்சி இத்தனை, தத்துப்பூச்சி இத்தனை, புகையான் இத்தனை. எண்ணிக்கை கூடினால் ஊருக்குச் சொல்ல வேண்டும். புருவத்தில் எண்ணியதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

வெண்புள்ளி வந்து மூன்று வருஷம். முதலில் வலது கையில் இரண்டு விரல் நுனி. பிறகு வாயோரம். பிறகு இடது இமை, இமையிலிருந்து புருவம். விரலைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. சேற்றில் இறங்கினால் எல்லா விரலும் ஒரே நிறம். புருவம் அப்படியில்லை. பேசுகிறவர்கள் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். பார்வை ஒரு விரற்கடை மேலே ஏறும். சட்டென்று இறங்கும். பிறகு அந்த ஆள் வயலைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

கும்பகோணத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள். எழுபதைத் தாண்டியவர். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் சாயங்காலம் மட்டும் வருவார். விவசாயம் படித்தவள் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

"வெளியிலேர்ந்து வர்ற கிருமியை அடிக்க உடம்புல ஒரு காவல் இருக்கில்லம்மா? சில பேருக்கு அந்தக் காவல் பிசகிடும். தோல்ல நிறம் செய்யற செல்லையே எதிரின்னு நெனச்சு அடிக்கும். தொத்து கிடையாது, குஷ்டம் கிடையாது. நம்ம ஆளே நம்மள அடிக்கறான். அவ்வளவுதான்."

"அதை எப்படி சார் நிறுத்தறது?"

"வெயில்ல புற ஊதான்னு ஒரு பங்கு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அது தோல் மேல பட்டா அங்க நிக்கற காவல்காரன் கொஞ்சம் அசந்துபோவான். அடிக்கறத விட்டுடுவான். அந்தச் சமயம் பாத்து, முடி வேர்ல ஒளிஞ்சிருக்கற நிறச் செல் மெள்ள ஏறி மேல வரும்."

"நான் நாள் பூரா வெயில்லதான் சார் நிக்கறேன்."

"வெயில் எல்லாத்தையும் சேத்துக் கொட்டும். எரிஞ்ச இடத்துல புள்ளி புதுசா வரும். எங்க விளக்கு வேணுங்கற அலையை மட்டும், வேணுங்கற விநாடி மட்டும் குடுக்கும். வயலுக்குப் போறப்ப முகத்த மூடிக்க."

பிறகு பூதக்கண்ணாடியை அவள் புருவத்தருகே கொண்டுபோனார்.

"தோல் வெளுத்திருக்கு. முடி கறுப்பா இருக்கு. நல்ல சேதி. வேர்ல இன்னும் விதை இருக்குன்னு அர்த்தம். முடியும் வெளுத்துட்டா விதை தீந்துபோச்சு. அப்புறம் எந்த வெளிச்சம் போட்டும் பிரயோஜனம் இல்ல. அதுக்குள்ள பிடிக்கணும்."

விதை என்று சொன்னதால் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

அது போன வருஷம் சித்திரையில்.

விளக்கறை மாடியில் இருந்தது. சின்ன அறை. ஆளுயரப் பலகை ஒன்றில் நாலு நீள ட்யூப். இமையிலும் புருவத்திலும் வெளிச்சம் பட வேண்டும் என்பதால் அவள் கண்ணை இறுக மூடி நிற்பாள். கழுத்தில் வெள்ளைத் துண்டு. வெளியே வரும்போது முகம் லேசாகச் சிவந்து சுடும். விநாடியைக் கூட்டிய வாரம் உதட்டோரம் சின்னச் சின்னக் கொப்புளம் போட்டது. பயந்துபோய்க் காட்டினாள். டாக்டர் சிரித்தார்.

"இது பழைய வைரஸ். உன் நரம்புல எங்கயோ தூங்கிட்டிருந்திருக்கும். காவல் அசந்துதுன்னு தெரிஞ்சதும் எழுந்து வந்துட்டு. விளக்கு வேலை செய்யுதுங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணாம். அடுத்த தடவ உதட்ட மட்டும் மூடிக்க."

நல்லது செய்கிற வெளிச்சம் கொஞ்சம் கெட்டதும் செய்யும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மருந்தடிக்கும் வயலில் பார்க்காததா? ஆவணியில் இமையோரம் எள்ளளவு கறுப்பு ஒன்று தெரிந்தது. அடுத்த வாரம் மூன்று. தை முடிவதற்குள் இமையிலும் புருவத்திலுமாக இருபத்துமூன்று. அவள் கணவன் அன்பரசன் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நாத்து பிடிச்சுட்டு" என்றான்.

இதற்கிடையில், புரட்டாசியில், விளக்கறையில் வேலை பார்த்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். நம்பிக்கையான ஆள் இருந்தால் சொல் என்றார் டாக்டர். செவ்வந்தி தன் சித்தி மகள் கயல்விழியைக் கூட்டிப்போனாள்.

சித்தி செத்தபோது கயலுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து செவ்வந்தி வீட்டில்தான் வளர்ந்தாள். செவ்வந்தியின் அம்மா நடவுக்குப் போய்விடுவாள். கயலுக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் செவ்வந்தி. பேராவூரணியில் தென்னந்தோப்பு இருக்கிற இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் அடித்தான். நாலாவது வருஷம் ஒரு கட்டைப் பையோடு வந்து இறங்கினாள். கேட்டவர்களுக்கு, "தேங்கா தலையில விழுந்துட்டு, அதான் வந்துட்டேன்" என்றாள்.

"நம்பலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"என் கையில வளந்தவ சார்."

கயல் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அவள் வந்த பிறகு விளக்கறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "வா ராணி, ஷூட்டிங்குக்கு நேரமாச்சு" என்று செவ்வந்தியை உள்ளே அழைப்பாள். மற்றவர்கள் தொடக் கூசுகிற விரல்களை எடுத்து நேராக வைப்பாள். ஹலீமா என்ற பெண் தன் ஆறு வயது மகள் மர்யத்தைக் கூட்டிவருவாள். குழந்தைக்கு முழங்காலில் புள்ளி. கயல் அதற்குக் கதை சொல்லி நிற்க வைப்பாள்.

மாசிக்குப் பிறகு செவ்வந்தியின் முகம் சிவக்கவில்லை. உதட்டை மூட மறந்த நாளிலும் கொப்புளம் வரவில்லை. "தோல் பழகிட்டுக்கா" என்றாள் கயல். அது செவ்வந்திக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டர் மாதாமாதம் விநாடியைக் கூட்டினார். இருபத்துமூன்று இருபத்துமூன்றாகவே நின்றது. ஆடியில் புருவத்தில் முதல் வெள்ளை முடி. அதைக் கயலிடம்தான் காட்டினாள். கயல் அதைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் புருவத்துக்குப் போடுகிற மைக்குச்சி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து தந்தாள். "இப்போதைக்கு இதைப் போட்டுக்க. தானா சரியாயிடும்."

"சில பேருக்கு இப்படி நின்னுடும்மா. விடாம வா" என்றார் டாக்டர்.

விடாமல் போனாள். மழையில் போனாள். ஆய்வுக் கூட்டம் இருந்த நாளில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனாள். காத்திருக்கும் பெஞ்சில் ஜாபிர் என்று ஒரு கல்லூரிப் பையன், கழுத்தில் புள்ளி, ஆனியில் புதிதாக வந்தவன், "வருமாங்க?" என்று கேட்டான். "எனக்கு இருபத்துமூணு வந்துருக்கு தம்பி. விடாம வாங்க" என்றாள்.

*

திங்கட்கிழமை காலை சாமிதுரையின் வயலுக்குப் போனாள். சாமிதுரைக்கு அறுபது வயது. அப்பன் கூலிக்கு உழுத நிலத்தில் இரண்டு ஏக்கரைத் தானே வாங்கியவர். வரப்பில் அவளுக்காகக் காத்திருந்தார்.

"வாங்க மேடம். இந்தத் தடவ என் வயலுக்குப் பரிசு குடுக்கணும் நீங்க. பூச்சிங்கற பேச்சே இல்ல. உங்க விளக்குக்குப் பயந்துகிட்டு ஊர விட்டே போயிட்டு."

தட்டைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீர் தெளிவாக இருந்தது. இரண்டு தத்துப்பூச்சி, ஒரு கொசு. சற்றுமுன் பார்த்த பக்கத்து வயல் தட்டில் பூச்சி மூடித் தண்ணீரே தெரியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்பாப் பயிருக்குள் இறங்கினாள். தூர் ஒன்றில் காய்ந்திருந்த நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது. இன்னொன்று. அதுவும் வந்தது.

"இது என்னங்க?"

சாமிதுரை குனிந்து பார்த்தார்.

"குருத்துப்பூச்சி உள்ள குடும்பம் நடத்துது. தட்டுல ஒண்ணுமில்ல. விளக்கப் போட்டீங்களா இல்லியா?"

"தெனம் போடறேன் மேடம். அந்தி சாஞ்சதும் போட்டுட்டுத்தான் டீ குடிக்கவே போவேன்."

"அதே ட்யூப்பா?"

சாமிதுரை தலையைச் சொறிந்தார். "அது பொசுங்கிட்டு மேடம். கோயில் திருவிழாவுக்குக் கட்டுன நீல ட்யூப் ஒண்ணு வீட்டுல கெடந்துது. அளவு கச்சிதமா இருந்துது. மாட்டிட்டேன். கலரு ஒண்ணுதானே?"

"எத்தன நாளாச்சு?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமா வயல் சுத்தம்னு உக்காந்திருக்கீங்க." அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கலர்ல என்னங்க இருக்கு? நீங்க பாக்கற நீலம் பூச்சிக்கு எதுக்கு? நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு அந்த ட்யூப்லேர்ந்து வருது. அதைப் பாத்துத்தான் அது வருது. விளக்கு எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தமா?"

"அப்படி இல்லீங்களா?"

ஸ்கூட்டரிலிருந்து மாற்று ட்யூப் ஒன்றை எடுத்துவந்தாள். மோட்டார் கொட்டகைக்குள் இருட்டாக இருந்தது. அங்கே வைத்து எரியவிட்டுக் காட்டினாள். மங்கலான ஊதா. ஆனால் சாமிதுரையின் வேட்டி பளீரென்று நீலமாக ஜொலித்தது. அவர் ஓரடி பின்னால் போனார்.

"என்ன மேடம், என்னைய சாமியாக்கிட்டீங்க?"

"நீங்க போடற சோப்புத்தூள்ல ஒரு சரக்கு இருக்கு. அந்த வெளிச்சம் பட்டா ஜொலிக்கும். எவனாச்சும் ட்யூப் குடுத்தா வேட்டியக் காட்டிப் பாருங்க. ஜொலிக்கலன்னா அவன் மூஞ்சியில விட்டெறிங்க."

"வேட்டியில்லாம போனா?"

"அப்ப பூச்சியே ஓடிடும்."

சாமிதுரை சிரித்தார். அவளும் சிரித்தாள். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது சிரிப்பு நின்றது.

முதல் மாதங்களில் விளக்கு எரிந்ததும், கண்ணை மூடுவதற்கு முன் ஒரு கணம், கழுத்திலிருந்த துண்டு நீலமாகப் பளிச்சிட்டதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தாள். சாவியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். துப்பட்டாவால் முகத்தை மூட மறந்துபோயிருந்தது.

*

அன்று சாயங்காலம் விளக்கறை ஜன்னல் திறந்திருந்தது. தீபாவளிக்கு முந்திய வாரம். இந்த நாட்களில் சுற்றுப்பட்ட வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி ஊருக்குள் புகுந்து, எரிகிற விளக்கு ஒன்றையும் விடாது. கடைக்காரர்கள் பாதி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வராந்தாவின் ட்யூப்லைட்டைச் சுற்றிப் பச்சையாக மொய்த்துக்கொண்டிருந்தது.

"வா ராணி. புது ஹீரோ வந்துருக்காரு, ரெடியா?" என்றாள் கயல்.

செவ்வந்தி துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். புதிதாகத் துவைத்த வெள்ளைத் துண்டு. கயல் அறை விளக்கை அணைத்தாள். பலகை விளக்கைப் போட்டாள். "கண்ண மூடிக்கக்கா" என்றபடி தடுப்புக்கு வெளியே போனாள்.

செவ்வந்தி கண்ணை மூடவில்லை.

அறை முழுதும் நல்ல நீலம். துண்டும் அதே நீலத்தில் இருந்தது. சுவர் எப்படியோ அப்படி. நகம் எப்படியோ அப்படி. எதுவும் ஜொலிக்கவில்லை. ஜன்னல் வழியாக வந்த ஒரு தத்துப்பூச்சி பலகையை ஒட்டிப் பறந்து, வராந்தா வெளிச்சத்துக்குத் திரும்பிப் போனது. ட்யூப்பின் நுனியில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நாலிலும்.

"கண்ண மூடிருக்கியா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கயல் கேட்டாள்.

"ம்."

நூற்றெழுபது விநாடி. அத்தனையும் நின்றாள். பிறகு துண்டை மடித்துப் பையில் வைத்தாள். கயல் நோட்டில் விநாடியை எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா ஒரு மாதிரி இருக்கே?"

"தலைவலி."

"இஞ்சி டீ போட்டுத் தரட்டா?"

"வேணாம்."

பஸ் ஸ்டாண்டில் நின்று ஹலீமாவுக்குப் போன் பண்ணினாள். மர்யம் வருவது பங்குனியிலேயே நின்றுபோயிருந்தது. அவர்கள் ஹலீமாவின் அப்பா ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கயல் சொல்லியிருந்தாள்.

"நாங்க எங்கயும் போகலியேக்கா, இங்கதான் இருக்கோம்" என்றாள் ஹலீமா. "மர்யத்துக்கு முட்டியில முக்காவாசி வந்துட்டு, அல்ஹம்துலில்லாஹ். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில காட்டறோம். கயல்தான் அங்க போகச் சொல்லுச்சு. இந்த விளக்கு சரியில்ல, புள்ளைய வீணா அலைய விடாதீங்க, யார்கிட்டயும் சொல்லிக்காதீங்கன்னுச்சு. நல்ல பொண்ணுக்கா."

செவ்வந்தி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"ஹலோ? உங்ககிட்டயும் சொல்லிருக்குமே? தங்கச்சின்னு சொன்னீங்க?"

வலங்கைமான் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததில்தான் ஏறினாள்.

*

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூர் போனாள். பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு வரிசை வாசல் வரை நின்றது. பதினொன்றரைக்கு முறை வந்தது. சின்ன வயது டாக்டரம்மா. செவ்வந்தி கொண்டுபோன சிகிச்சை நோட்டைப் புரட்டினாள். மாதாமாதம் எடுத்திருந்த போட்டோக்களைச் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். புருவத்திலிருந்த மையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"தை வரைக்கும் அருமையா வந்துருக்கே. அதுக்கப்புறம் ஏன் எதுவுமே செய்யல?"

"செஞ்சுகிட்டிருக்கேன்னு நெனச்சேன் மேடம்."

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. செவ்வந்தி விளக்கைப் பற்றிச் சொன்னாள். யார் போட்டார்கள் என்று சொல்லவில்லை.

"ஆடிக்கு முன்னாடி கண்டுபிடிச்சிருந்தாக்கூட..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா நிறுத்திக்கொண்டாள். "விரலும் வாயோரமும் பாக்கலாம். இமையில வந்துருக்கற கறுப்பக் காப்பாத்தலாம். புருவத்துல வெளுத்த இடம் வெளிச்சத்துக்குத் திரும்பாது. ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. உறுதியா எதுவும் சொல்ல மாட்டேன்."

"வெளுக்காத முடி இருக்கே?"

"இருக்கு. வேகமா போய்கிட்டிருக்கு. இன்னிக்கே ஆரம்பிப்போம்."

அன்று அங்கே நாற்பது விநாடி நின்றாள். கழுத்துத் துண்டு கண்ணைக் கூசும்படி ஜொலித்தது. கண்ணை மூடிய பிறகும் அவளுக்கு அது தெரிந்தது. திரும்பிவரும்போது பஸ்ஸில் முகம் லேசாகச் சுட்டது. கையை வைத்துப் பார்த்தாள். எட்டு மாதம் அவள் இந்தச் சூட்டைத் தேடவே இல்லை.

*

புதன்கிழமை ஐந்தரைக்கே விளக்கறைக்குப் போய்விட்டாள். பெஞ்சில் ஜாபிரும் வயதான ஒரு அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வர ஆறரை ஆகும். செவ்வந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னக்கா, இன்னிக்கு முதல் ஆளா?"

செவ்வந்தி ஒரு ட்யூப் நுனியிலிருந்த பிளாஸ்திரியை நகத்தால் உரித்தாள். மீன் படம் போட்ட சின்ன முத்திரை.

கயல் நோட்டை மூடினாள். இல்லை என்று சொல்லவில்லை.

"எப்ப?"

"மாசி மகத்தன்னிக்கு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "குளத்தச் சுத்திக் கூட்டம். டாக்டர் வரல. அறையக் கழுவி விட்டுட்டிருந்தேன். பலகை சாஞ்சுட்டு. நாலும் போயிட்டு."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேலை போயிடும்க்கா. இது போச்சுன்னா நான் திரும்ப அவன்கிட்டதான் போகணும். மீன்தொட்டிக் கடையில இதே அளவுல இருந்துது. ரெண்டு நாளைக்குன்னுதான் மாட்டினேன். ரெண்டு நாள்ல யாரும் ஒண்ணும் கேக்கல. டாக்டருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அப்புறம்... அப்புறம் எப்படிச் சொல்றது?"

"மர்யத்தோட அம்மாவுக்கு மட்டும் எப்படிச் சொன்னே?"

கயல் நிமிர்ந்து பார்த்தாள். அது செவ்வந்திக்குத் தெரியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அது கொழந்தைக்கா. அது நின்னுகிட்டு என்னையப் பாத்து சிரிக்கும். பாவம்னு இருந்துது."

"என்னையப் பாத்தா?"

கயல் பதில் தேடினாள். தேடி எடுத்தது உண்மையாக இருந்தது.

"நீ என்னைய விட்டுக் குடுக்க மாட்டேன்னு நெனச்சேன். மத்தவங்களுக்குத் தெரிஞ்சா அடிப்பாங்க. போலீசுக்குப் போவாங்க. உனக்குத் தெரிஞ்சா நீ பொறுத்துக்குவே. நீ எல்லாத்தையும் பொறுத்துக்குவேல்ல."

வெளியே அந்த வயதான அம்மா இருமும் சத்தம் கேட்டது.

"ஆடியில முதல் முடி வெளுத்துது. உன்கிட்டதான் காட்டினேன். அது வெளுத்தா என்னா அர்த்தம்னு உனக்குத் தெரியும். டாக்டர் ஒவ்வொருத்தருக்கும் சொல்றத நின்னு கேட்டவ நீ."

"தெரியும்."

"தொட்டுப் பாத்தே."

"ஆமா."

"மறுநாள் மைக்குச்சி வாங்கியாந்தே."

கயல் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு. பேராவூரணியிலிருந்து வந்த அன்றும் இப்படித்தான் அழுதாள். அன்று செவ்வந்தி அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இன்று கை தானாக அரை அங்குலம் எழுந்தது. அதைக் கீழே கொண்டுவந்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன பேர் வர்றாங்க இப்ப?"

"பதினாலு."

"எல்லாருக்கும் விநாடி எழுதறே."

"நாளைக்கே புது ட்யூப்புக்குச் சொல்லிடறேன்க்கா. எப்பாடு பட்டாச்சும் வரவழைச்சிடறேன். யாருக்கும் தெரிய வேணாம். இனிமே சரியா..."

"எனக்கு இனிமே இல்ல கயல். நேத்து தஞ்சாவூர் போய்ட்டு வந்தேன்."

கயல் அவள் புருவத்தைப் பார்த்தாள். இன்று மை இல்லை. கயலின் பார்வையும் சட்டென்று இறங்கியது. வரப்பில் நிற்கிற யாரோ ஒருவருடைய பார்வையைப் போல.

செவ்வந்தி கதவைத் திறந்தாள்.

"அக்கா." கயல் அவள் முழங்கையைப் பிடித்தாள். "டாக்டர்கிட்ட நானே சொல்றேன். ஒரு வாரம் குடு. இவங்ககிட்ட சொல்லாதே. ஊர்ல தெரிஞ்சா நான் எங்க போவேன்?"

"ஆடியிலேர்ந்து எத்தன வாரம் இருந்துது உனக்கு?"

கையை விடுவித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். ஜாபிர் எழுந்தான். தன் முறை என்று நினைத்துச் சட்டைக் காலரைத் திறந்துவிட்டுக்கொண்டான். வயதான அம்மா பையிலிருந்து துண்டை எடுத்தாள்.

"உக்காருங்க தம்பி. அம்மா, நீங்களும் கேளுங்க" என்றாள் செவ்வந்தி. "உள்ள எரியறது மருந்து விளக்கு இல்ல. மீன்தொட்டிக்குப் போடற ட்யூப். மாசியிலேர்ந்து அதுதான் எரியுது. இதுல நின்னா ஒண்ணும் வராது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கே போங்க."

அந்த அம்மாவுக்குக் காது மந்தம். "என்னாங்கறே?" என்றாள். செவ்வந்தி இன்னும் சத்தமாக, முழுவதையும் இன்னொரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஜாபிர் அவளையும், அவளுக்குப் பின்னால் கதவில் சாய்ந்து நின்ற கயலையும் மாறிமாறிப் பார்த்தான்.

"நீங்கதானே வரும்னு சொன்னீங்க? ஆனி மாசம். இதே பெஞ்சில. இருபத்துமூணுன்னு கணக்கெல்லாம் சொன்னீங்க."

"சொன்னேன்."

"இவங்க உங்க தங்கச்சி."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியாதா?"

"திங்கக்கிழமதான் தெரிஞ்சுது."

"தங்கச்சிங்கறீங்க, தெரியாதுங்கறீங்க." அவன் காலர் பட்டனை மெதுவாகப் போட்டுக்கொண்டான். கோபப்படக்கூட இல்லை. "கேக்கறவன் கேணயனா இருந்தா எதுவும் சொல்லலாம்ல?"

அவன் இடத்தில் இருந்தால் அவளும் நம்பமாட்டாள்.

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டாக்டர் சீக்கிரம் வந்துவிட்டார். "யாரும்மா மேல?" என்று கேட்டுக்கொண்டே கைப்பிடியைத் தடவிப் பிடித்து முதல் படியில் கால் வைத்தார்.

"அக்கா" என்றாள் கயல்.

டாக்டர் மேலே ஏறி வருவதற்கு வெகுநேரம் பிடிக்கும். செவ்வந்தி இறங்கிப் போனாள்.